இரண்டு மேலாளர்கள், ஒரு பதவி: தணிக்கை அலுவலகம் ஒன்றில் நடந்த மோதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவிலான ஒரு தணிக்கை நிறுவனத்தில் நடந்தது இது. அப்போது நான் அங்கே மனிதவளப் பொறுப்பில் இருந்தேன். இதில் வரும் மூன்று பெண்களும் வரைவைப் படித்துப் பார்த்து, மற்ற அலுவலகங்களுக்குப் பயன்படும் என்றால் எழுதலாம் என்று சம்மதித்தார்கள். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். அவர்கள் பார்த்த வேலையை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் பிரச்சினை எதைப் பற்றியது என்றே புரியாது.

அந்த நிறுவனத்தில் பயிற்சியாளர்களாகச் சேர்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். மேலாளர் நிலைக்கு வருவதற்குள் அவர்களில் பெரும்பாலோர் விலகிவிடுவார்கள். மூத்த மேலாளர்களில் ஒரே ஒரு பெண். நிறுவனத்தின் உரிமையில் பங்கு வைத்து அதை நடத்தும் பங்குதாரர்களில் ஒரு பெண்கூட இல்லை.

அந்தப் பெண் மூத்த மேலாளரின் கீழ் ஆறு மேலாளர்கள். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். பெண்களில் ஒருவர் ஆலைகளின் கணக்கைப் பார்க்கும் அணியை நடத்தினார். மற்றவர் நிதி நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் அணியை நடத்தினார். இனி அவர்களை ஆலை அணி மேலாளர், நிதி அணி மேலாளர் என்றே குறிப்பிடுகிறேன். இருவரும் ஒரே ஆண்டில் பயிற்சியாளர்களாகச் சேர்ந்தவர்கள். கிடங்குகளில் விடிய விடியச் சரக்கு எண்ணிய இரவுகளும், இறுதித் தேர்வுக்குச் சேர்ந்து படித்த மாதங்களும் அவர்களுக்குப் பொதுவானவை. "நீ, வா, போ" என்று பேசிக்கொள்வார்கள். புதிதாகச் சேரும் பெண்களிடம் இந்த இருவரையும் காட்டி, "இவங்களைப் பாருங்க, இங்க வளர முடியும்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

பிரச்சினை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு ஆலை அணி மேலாளர் மகப்பேறு விடுப்பில் போய் வந்தார். அதே ஆண்டின் இறுதியில், இன்னொரு மூத்த மேலாளர் பதவி உருவாகப் போகிறது என்ற செய்தி பரவியது.

என்ன நடந்தது

இரண்டு அணிகளும் சேர்ந்து பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. ஆலையும் நிதி நிறுவனமும் ஒரே குழுமத்தில் இருக்கும் நிறுவனம் அது. ஆண்டு முடிவுத் தணிக்கையில், அங்கே வெகுநாளாக விற்காமல் கிடந்த சரக்கை அடக்க விலையிலேயே கணக்கில் வைத்திருப்பதை ஆலை அணி மேலாளர் கண்டுபிடித்தார். சரக்கை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் நிகர மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். கிடங்கில் தூசி படிந்த அட்டைப்பெட்டிகளின் தேதிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, கடந்த விற்பனைப் பட்டியலோடு ஒப்பிட்டு எழுதிய பணித்தாள் அது. அந்த ஆண்டின் லாபத்தையே கணிசமாகக் குறைக்கக்கூடிய கண்டுபிடிப்பு.

வாடிக்கையாளரின் தணிக்கைக் குழு (கணக்குகளை மேற்பார்வையிடும் அவர்களுடைய இயக்குநர்களின் குழு) கூடிய நாளில் ஆலை அணி மேலாளர் வேறொரு ஆலையில் சரக்கு எண்ணிக்கையில் இருந்தார். கூட்டத்தில் அந்த விஷயத்தை நிதி அணி மேலாளர் எடுத்துச் சொன்னார். கேட்ட கேள்விகளுக்குத் திறமையாகப் பதிலும் சொன்னார். கண்டுபிடித்தவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் பங்குதாரர் அவரைப் பாராட்டி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ஆலை அணி மேலாளர் அதைக் கிடங்கில் நின்றபடி தொலைபேசியில் படித்தார்.

அடுத்த வாரம், அந்தக் குழுமத்தின் கடன் ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி ஆலை அணி ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த குறிப்பு நிதி அணிக்குத் தேவைப்பட்டது. ஆலை அணி மேலாளர் அதைக் கொடுக்கவில்லை. "இன்னும் முடிக்கலை" என்று பதில் போனது. நிதி அணியில் இருந்த இரண்டு இளையவர்கள் ஒப்பந்தங்களை முதலிலிருந்து படித்து அதே வேலையைத் திரும்பச் செய்தார்கள். பிறகு, அந்தக் குறிப்பு பல நாள் முன்பே முடிக்கப்பட்டுப் பொதுக் கோப்பில் இருந்தது தெரியவந்தது.

அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் "நீங்க" என்று அழைக்கத் தொடங்கினார்கள். அலுவலகம் முழுக்க அதைக் கவனித்தது. மின்னஞ்சல்களில் தேவையில்லாதவர்களையும் பிரதியில் சேர்த்தார்கள். அவர்களின் கீழிருந்தவர்கள் பக்கம் பிரிந்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டு எழுத்துப்பூர்வமான புகார்கள் என்னிடம் வந்தன. அதே மாதத்தில், மூத்த மேலாளரின் நேரடிப் பார்வையில் வேலை செய்த ஓர் இளம்பெண் வேலையை விட்டார். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தார்.

பங்குதாரர்களின் கூட்டத்தில் இந்த மூன்றும் ஒன்றாகப் பேசப்பட்டன. "ரெண்டு பொம்பளைங்க ஒரே இடத்துல இருந்தா இப்படித்தான்" என்றார் ஒருவர். இன்னொருவர் மூத்த மேலாளரைப் பற்றி, மற்ற பெண்களை வளரவிடாதவர் என்ற பொருளில், 'ராணித் தேனீ' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஒருவரை வேறு கிளைக்கு மாற்றிவிடலாம் என்பதுதான் அன்று பெரும்பாலோரின் கருத்து. யாரை என்பதில்தான் பேச்சு நின்றது.

முதல் விசாரணையில் கண்டவை

மாற்றத்தை நிறுத்திவைக்கச் சொல்லி அவகாசம் கேட்டேன். கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதே தளத்தில் இரண்டு ஆண் மேலாளர்கள் நீண்ட காலமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவரின் அணியில் வேலை செய்தவரை மற்றவர் தன் அணிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் ஒரு முறை அறிக்கையே தாமதமானது. அதை எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுத்ததில்லை. "அவங்க ஸ்டைல் வேற" என்பதோடு முடிந்துவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியா ஷெப்பர்டும் கார்ல் அக்வினோவும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே மோதலின் விவரத்தைப் பெயர்களை மட்டும் மாற்றிப் பலருக்குக் கொடுத்தார்கள். மோதுபவர்கள் இருவரும் பெண்கள் என்றபோது, அந்த உறவு சரியாகாது, வேலைக்கும் கேடு என்று படித்தவர்கள் கூடுதலாக நம்பினார்கள். நடந்தது வேறுபடவில்லை, பெயர் மட்டுமே வேறு. இந்த ஆய்வைப் பங்குதாரர்களிடம் சொன்னபோது, நம் தளத்திலேயே இருக்கும் அந்த இரண்டு ஆண்களையும் பெயர் சொல்லிக் காட்டினேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அவகாசம் கிடைத்தது.

இரண்டு பெண் மேலாளர்களையும் மூத்த மேலாளரையும் தனித்தனியே சந்தித்தேன். ஆரம்பத்தில் மேலாளர்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைக்கவில்லை. இருவருக்கும் தெரிந்த கதை வெவ்வேறாக இருக்கும்போது சமரசப் பேச்சு என்பது யார் முதலில் அழுகிறார்கள் என்பதில் முடிந்துவிடும்.

தனிச் சந்திப்புகளில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. இவற்றில் மற்றவர் பக்கம் நடந்தது இருவருக்குமே தெரியாது.

ஒன்று: புதிய பதவியைப் பற்றிப் பங்குதாரர் இருவரிடமும் தனித்தனியே பேசியிருக்கிறார். "அடுத்த மூத்த மேலாளர் ஒரு பெண்ணா இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிறோம்" என்பதே இருவரிடமும் சொன்ன வாக்கியம். நல்லெண்ணத்தில் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேட்டவர்களின் காதில் அது எப்படி விழும்? ஆறு பேர் போட்டியிடும் பதவி அந்த நொடியில் இரண்டு பேருடைய போட்டியாகிவிட்டது. நான்கு ஆண்களில் ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரோடு போட்டியிட்டார்கள். இந்த இருவருக்கும் எதிரில் நின்றது ஒரே ஆள், அதுவும் பத்தாண்டுத் தோழி.

இரண்டு: விடுப்பிலிருந்து ஆலை அணி மேலாளர் திரும்பிய சில வாரங்களில், பங்குதாரர் நிதி அணி மேலாளரைக் கூப்பிட்டு, "அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?" என்று கேட்டிருக்கிறார். தோழியின் மீதான அக்கறையோடு, "கொஞ்சம் கஷ்டப்படுறாங்க சார், கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று இவர் பதில் சொன்னார். அந்தப் பதிலின் முதல் பாதி மட்டும் பரவியது. மூன்று பேரைக் கடந்து ஆலை அணி மேலாளரை அடைந்தபோது, "குழந்தை பிறந்தப்புறம் அவளால முடியலைன்னு உன் ஃப்ரெண்டே சொல்லியிருக்கா" என்று ஆகியிருந்தது. தணிக்கைக் குழுக் கூட்டம் நடந்தது அதற்குப் பிறகு. ஆகவே கிடங்கில் நின்று அந்தப் பாராட்டு மின்னஞ்சலைப் படித்தபோது, ஏற்கெனவே தன்னைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கிவிட்டவள் அடுத்த அடியை வைத்துவிட்டாள் என்றே அவருக்குத் தோன்றியது.

இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு பெண்ணின் திறனைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் கேட்பது பல அலுவலகங்களில் சாதாரணம். கேட்பவர் அதை நுட்பமான அணுகுமுறை என்றே எண்ணுகிறார். ஆனால் அந்தத் தளத்தில் இருந்த ஓர் ஆண் மேலாளரிடம் இன்னொரு ஆண் மேலாளரைப் பற்றி "எப்படிச் சமாளிக்கிறார்" என்று பங்குதாரர் கேட்டதாக ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை, அவர்களில் ஒருவருக்கும் அந்த ஆண்டு குழந்தை பிறந்திருந்தும். கேள்விக்குப் பதில் சொல்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். "நல்லா சமாளிக்கிறாங்க" என்றால் தோழிக்காகப் பரிந்து பேசுவதாகத் தோன்றும். உண்மையைச் சொன்னால் அது புகாராகிவிடும். தப்பிக்க வழியில்லாத இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, பிறகு பெண்களுக்குள் ஒத்துப்போவதில்லை என்று வருந்துவது அநியாயம்.

ராபின் எலி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், சட்ட நிறுவனங்களில் மேல்நிலையில் பெண்கள் மிகக் குறைவாக இருந்த இடங்களையும் ஓரளவு கூடுதலாக இருந்த இடங்களையும் ஒப்பிட்டார். பெண்கள் குறைவாக இருந்த இடங்களில், சம நிலையிலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்ப்பதும், மேலே இருந்த பெண்களை முன்மாதிரியாக ஏற்கத் தயங்குவதும் அதிகமாக இருந்தன. எங்கள் தளத்தின் நிலையை அப்படியே விவரித்ததுபோல இருந்தது அது.

இதையெல்லாம் சொல்வதால் இருவரும் செய்தது தவறில்லை என்று ஆகிவிடாது. உழைத்தவரின் பெயரைச் சொல்லாமல் கண்டுபிடிப்பை முன்வைத்தது தவறு. முடிந்த குறிப்பை முடியவில்லை என்று சொல்லி, சம்பந்தமில்லாத இளையவர்களை இரவில் உட்காரவைத்தது அதைவிடப் பெரிய தவறு என்பது என் கருத்து. அந்த இளையவர்களில் இருவருமே பெண்கள்.

மூத்த மேலாளரின் கோப்புகள்

மூத்த மேலாளரைப் பற்றிப் பேசத் தனி இடம் வேண்டும். அவரைப் பற்றித்தான் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது; அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அவர் எழுதிய மதிப்பாய்வுக் குறிப்புகளை எடுத்தேன். ஒவ்வொரு தணிக்கைக் கோப்பையும் படித்துவிட்டு, எது விடுபட்டது, எதற்குச் சான்று போதாது என்று மூத்தவர் எழுதும் குறிப்புகள் அவை. கோப்பைத் தயாரித்தவரின் பெயரை மறைத்து, வேறு கிளையிலிருந்த ஒருவரைப் படிக்கச் சொன்னேன். குறிப்புகளின் கடுமையைத் தரம் பிரிக்கச் சொன்னேன். பிறகு பெயர்களைப் பொருத்திப் பார்த்தோம். ஆண்களின் கோப்புகளில் "சான்று இணைக்கவும்" என்று ஒரு வரியில் முடிந்த விஷயங்கள், பெண்களின் கோப்புகளில் பத்தியாக நீண்டிருந்தன. வேலையை விட்டுப் போன இளம்பெண்ணின் கோப்பு ஒன்றில் இப்படி எழுதியிருந்தார்: "இந்தத் தரத்தில் ஒரு பெண் கோப்பை அனுப்பினால் நம் எல்லாரையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்."

இந்த வரியைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. தான் மேலாளராக இருந்த காலத்தைச் சொன்னார். அவரோடு இருந்த ஒரே இன்னொரு பெண் ஒரு கோப்பில் பெரிய பிழை விட்டிருக்கிறார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இவருடைய கோப்புகளையும் இரண்டு பேர் சரிபார்த்தார்கள். "நான் விட்ட பிழை இல்லை அது. ஆனா என் பேர்லதான் எழுதினாங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு அது நடக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார்.

'ராணித் தேனீ' என்ற பெயர் 1970-களில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் எழுத்திலிருந்து பரவியது. மேலே வந்த பெண் கீழிருக்கும் பெண்களை ஏறவிடமாட்டாள் என்ற பொருளில் அது நிலைத்துவிட்டது. நெதர்லாந்தில் நவோமி எல்லெமெர்ஸ், பெல்லே டெர்க்ஸ் ஆகியோர் பின்னாளில் செய்த ஆய்வுகள் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தன. 2011-இல் மூத்த பெண் காவல் அதிகாரிகளிடம் செய்த ஆய்வு அவற்றில் முக்கியமானது. தம் பணியில் பட்ட பாகுபாட்டை நினைவுகூரச் சொன்னபோது, பெண் என்ற அடையாளத்தோடு தம்மை அதிகம் பிணைத்துக்கொள்ளாத அதிகாரிகள் மற்ற பெண்களிடமிருந்து விலகி நின்றார்கள். அந்த அடையாளத்தை வலுவாக உணர்ந்தவர்களோ, மற்ற பெண்களின் வாய்ப்புகளை மேம்படுத்த முன்வந்தார்கள். அதாவது இந்த விலகல் பெண்களின் இயல்பிலிருந்து வருவதாக அவர்கள் கருதவில்லை. பாகுபாடு நிறைந்த இடத்தில் பிழைத்து மேலே வந்ததன் விளைவாகப் பார்த்தார்கள்.

எங்கள் மூத்த மேலாளர் இந்த வகைகளில் எதிலும் முழுதாக அடங்கவில்லை. அவர் விலகி நிற்கவில்லை. எல்லாப் பெண்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அவர்களின் ஒவ்வொரு பிழையையும் தன் பிழையாகச் சுமந்தார். அந்தச் சுமையை அவர்கள்மேல் இறக்கவும் செய்தார். சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977-இல் விவரித்தது இதுதான். ஒரு குழுவில் சிறுபான்மையாக நிற்பவர் தனக்காக மட்டும் நிற்க முடிவதில்லை. தன் கூட்டம் முழுவதன் பிரதிநிதியாகவே பார்க்கப்படுகிறார், எப்போதும் வெளிச்சத்தில் இருக்கிறார். காரணத்தைப் புரிந்துகொண்டாலும், அந்தக் குறிப்பைப் படித்த இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. அவர் போய்விட்டார்.

கோப்புகளோடு இன்னொரு பட்டியலையும் எடுத்தேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுப்பது, பிரிவு உபசார விழா ஏற்பாடு, வாடிக்கையாளர் வரும்போது அறையைத் தயார்செய்வது ஆகியவற்றை யார் செய்கிறார்கள் என்ற பட்டியல். எதிர்பார்த்ததுபோலவே அது பெண்களின் பெயர்களால் நிறைந்திருந்தது. லிண்டா பாப்காக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளுக்கு ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ ஐம்பது சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் அதே வேலைக்கு ஆண்களே தயங்காமல் முன்வந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் இதன் இன்னொரு விளைவையும் கண்டோம். இந்த வேலைகளைப் பகிர்வதில்தான் இரண்டு பெண் மேலாளர்களுக்கும் அன்றாட உரசல் அதிகம். "போன தடவை நான்தான் செஞ்சேன்" என்ற வாக்கியம் இருவரின் மின்னஞ்சல்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. நான்கு ஆண்களில் ஒருவரிடம் கேட்கலாம் என்று இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, யாரையும் இடம் மாற்றுவதில்லை என்பது. ஒருவரை அனுப்பினால் பதவி மற்றவருக்குப் போகும். மோதினால் ஒருத்தி போவாள் என்பதை, பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாப் பெண்களும் கற்றுக்கொள்வார்கள்.

இரண்டாவது, புதிய பதவிக்கான தகுதிகளை எழுத்தில் வெளியிட்டு, ஆறு மேலாளர்களையும் விண்ணப்பிக்கச் சொன்னோம். இந்தப் பதவி பெண்ணுக்கானதும் இல்லை, ஆணுக்கானதும் இல்லை என்று பங்குதாரர் ஆறு பேரின் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. "பெண்ணுக்கு வாய்ப்பு தரணும்னு சொன்னதே தப்பா?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவருடைய நோக்கத்தை நான் மதித்தேன். மேல்நிலையில் பெண்களைக் கூட்ட வேண்டுமானால் வழி வேறு என்று விளக்கினேன். இருவரையுமே தகுதிக்குக் கொண்டுபோகும் பெரிய பணிகளில் போடலாம். அவர்கள் இல்லாத அறையில் அவர்களுக்காகப் பேச ஒரு பங்குதாரரை நியமிக்கலாம். அறிவுரை சொல்ல மூத்தவர்கள் இருவருக்கும் நிறைய இருந்தார்கள். பெயரை முன்மொழியத்தான் ஆளில்லை. ஆண் மேலாளர்கள் நால்வருக்கும் அப்படியொருவர் தானாகவே அமைந்திருந்தார்.

மூன்றாவது, ஒருவருடைய நிலையைப் பற்றி அவரோடு சமநிலையில் இருப்பவரிடம் விசாரிப்பதை நிறுத்தினோம். விடுப்பிலிருந்து திரும்பியவரின் சுமை தெரிய வேண்டுமானால் அவரிடமே கேட்க வேண்டும்.

நான்காவது, பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளுக்கு மாதச் சுழற்சிப் பட்டியல் போட்டோம். யார் முன்வருகிறீர்கள் என்று கேட்பதை விட்டோம்.

ஐந்தாவது, மதிப்பாய்வுக் குறிப்புகளுக்கு ஒரு விதி: குறிப்பு கோப்பைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும், ஆளைப் பற்றி இருக்கக் கூடாது. இது மூத்த மேலாளருக்கு மட்டுமான விதியாகிவிடக் கூடாது என்பதால் எல்லா மூத்தவர்களின் குறிப்புகளையும் பெயர் மறைத்துப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தோம். வேறு இருவரின் குறிப்புகளிலும் சாய்வு தெரிந்தது.

இருவரும் பேசிய நாள்

இவற்றையெல்லாம் அறிவித்த பிறகுதான் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தேன். உறவைப் பற்றிப் பேச வேண்டாம், இரண்டு சம்பவங்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டோம். கூட்டமும் குறிப்பும்.

பங்குதாரர் இருவரிடமும் சொன்ன ஒரே வாக்கியத்தை முதலில் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது பேச்சின் போக்கை மாற்றியது. "சமாளிக்கிறாங்களா" என்ற கேள்விக்குத் தான் சொன்ன பதிலை நிதி அணி மேலாளர் முழுதாகச் சொன்னார். ஆலை அணி மேலாளர் உடனே நம்பவில்லை. "அப்படின்னா அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் வரவில்லை.

கூட்டத்தைப் பற்றி நிதி அணி மேலாளர், "கேள்விகள் வேகமா வந்துச்சு, விட்டுட்டேன்" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். "இல்ல. சொல்லியிருக்கலாம். அந்தப் பதவி மனசுல இருந்துச்சு" என்றார். குறிப்பைப் பற்றி மற்றவர், "உனக்கு வலிக்கணும்னுதான் கொடுக்கலை. அந்தப் பிள்ளைங்க ராத்திரி உட்கார்ந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை. அந்த இரண்டு இளையவர்களிடமும் நேரில் போய் விளக்குவதாக ஆலை அணி மேலாளர் சொன்னார், மறுநாள் செய்தார். கண்டுபிடிப்பு யாருடையது என்று தணிக்கைக் குழுவுக்கும் அலுவலகத்துக்கும் நிதி அணி மேலாளர் எழுதினார்.

ஒரு நடைமுறையை அவர்களே முன்மொழிந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் சொன்ன கருத்தை எடுத்துப் பேசும்போது அவருடைய பெயரைச் சொல்லிவிட்டே பேசுவது. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் இருந்த பெண் அலுவலர்கள் இதே உத்தியைக் கையாண்டதாக 2016-இல் செய்தி வந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரோடு திரும்பச் சொன்னால், அந்தக் கருத்து வேறொருவர் கணக்கில் போய்ச் சேராது. இதை நிதி அணி மேலாளர் படித்திருந்தார்.

பிறகு நடந்தவை

பதவி நிதி அணி மேலாளருக்குக் கிடைத்தது. எழுதி வெளியிட்ட தகுதிகளின்படி அவர் முன்னால் இருந்தார். தேர்வுக் குழுவில் இருந்த யாருக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆலை அணி மேலாளருக்கு வருத்தம் இருந்தது. விடுப்பு எடுத்த ஆண்டில் பெரிய பணிகள் தன்னிடமிருந்து கைமாறின என்றும், தகுதிகளை எழுதி வைத்ததால் மட்டும் அந்த ஆண்டு திரும்பி வந்துவிடாது என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. அடுத்த சுற்றில் விடுப்புக் காலத்தைக் கணக்கிலிருந்து கழித்து மதிப்பிடும் முறை அவருடைய இந்த வாதத்திலிருந்துதான் வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் இன்னொரு மூத்த மேலாளர் பதவி உருவானபோது அவரும் உயர்ந்தார். அவருடைய பெயரை முன்மொழிந்த குறிப்பில், சரக்கு மதிப்பீட்டுக் கண்டுபிடிப்பைப் பற்றிய பத்தியை எழுதிக்கொடுத்தவர் நிதி அணியிலிருந்து உயர்ந்தவர்.

அவர்கள் பழைய தோழிகளாகவில்லை. அலுவலகத்தில் இன்னும் "நீங்க" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். மதிய உணவுக்குச் சேர்ந்து போவதில்லை. ஆனால் ஒருவர் இல்லாத கூட்டத்தில் மற்றவர் அவருடைய வேலையைப் பற்றி நேர்மையாகப் பேசுகிறார். ஆதரவு என்றால் நட்பாக இருக்க வேண்டும் என்று நாம் பெண்களிடம் மட்டும் எதிர்பார்க்கிறோம். ஆண் சக ஊழியர்கள் நியாயமாக நடந்துகொண்டாலே போதும் என்று விட்டுவிடுகிறோம். இந்த இருவரும் எட்டியது அந்த நியாயத்தை. அதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

மூத்த மேலாளரின் மாற்றம் அளவானது. குறிப்புகள் சுருங்கின. தன் தரத்தைத் தளர்த்த மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். அதை ஆண்களின் கோப்புகளுக்கும் ஒரே அளவில் பயன்படுத்தத் தொடங்கினார். ஆண்களிடமிருந்து வந்த முனகல்கள் சில காலம் என் மேசைக்கு வந்தன. வேலையை விட்ட இளம்பெண்ணுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் திரும்பி வரவில்லை. வேறு நிறுவனத்தில் நன்றாக இருக்கிறார்.

சுழற்சிப் பட்டியல் சில மாதங்களில் தளர்ந்தது. ஆண்கள் தங்கள் முறை வரும்போது கீழிருக்கும் பெண்களிடம் அதை ஒப்படைத்தார்கள். பட்டியலில் பெயர் உள்ளவரே செய்ய வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்து, பங்குதாரர் ஒருவரே முதல் மாதம் கூட்டக் குறிப்பு எழுதிய பிறகு அது நிலைத்தது.

எதை மாற்ற வேண்டும்

பதவி பற்றிய பேச்சை அது முறைப்படி அறிவிக்கப்படும் வரை யாரிடமும் தனியாகத் தொடங்கக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் மோதலின் விதை அந்த இரண்டு தனி உரையாடல்களில் விழுந்தது. புகார்கள் வந்த பிறகே நிறுவனம் கண் திறந்தது.

வேலையை விட்டுப் போகும் இளையவர்களிடம் காரணம் கேட்கும் நேர்காணலை, அவர்களின் மேலதிகாரியோடு தொடர்பில்லாத ஒருவர் நடத்த வேண்டும். "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டுப் போன அந்தப் பெண்ணிடம் வெளியே ஒருவர் பேசியிருந்தால், குறிப்புகளைப் படிக்கும் வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அவருக்கு முன்பு போனவர்களும் அதே இரண்டு சொற்களை எழுதியிருந்தார்கள் என்பதைக் கோப்புகளைப் புரட்டியபோதுதான் பார்த்தோம்.

மேல்நிலையில் தனியாக இருக்கும் பெண்ணுக்குத் துணை தேவை. தன்னைப் போன்ற பொறுப்பில், வேறு நிறுவனங்களில் இருக்கும் பெண்களோடு மாதம் ஒரு முறையாவது பேசும் ஏற்பாட்டை மூத்த மேலாளரே கேட்டுப் பெற்றார். அவர் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆண்டிலேயே நிறுவனம் அதைச் செய்து கொடுத்திருக்க வேண்டும்.

பேசாமல் இருக்கும் அந்த இரண்டு ஆண் மேலாளர்களின் விஷயமும் இப்போது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அதையும் இதே முறையில், தனித்தனிச் சந்திப்புகளில் தொடங்கி விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.